மூல நிரலிலிருந்து எழுந்த கணிப்பொறி

(வெதுருகுப்பத்தில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் குறளின் பெருமையையும் சிலம்பின் சுவையையும் கேட்டு இன்புற்று வந்த உங்கள் முன்னே, ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதும் குமாஸ்தா ஒருவனை நிறுத்திக் கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்திருக்கின்றனர். பத்தாம் வகுப்பைத் தேறியதோடு என் பள்ளிப்படிப்பு முடிந்தது. கல்லூரி வாயிலை நான் கண்டவனல்லன். எனினும் நம் நூலக அறையில் இருக்கும் மேசைக் கணிப்பொறியைச் சென்ற சில மாதங்களாக அவிழ்த்துக் கட்டியவன் நானாகையால், அங்கே நடந்தது யாது என்பதை உறுப்பினர்கள் அறியச் சொல்லுவது என் கடமையாகிறது. அது உங்கள் சந்தாப் பணத்தில் வாங்கிய பொறி அன்றோ?

அப்பொறிக்கு இரண்டு இடர்கள் வந்தன. முதலாவது, அதில் இயங்கிய விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11 தனியானதொரு பாதுகாப்புச் சில்லையும் புதிய செயலியையும் வேண்டி நிற்பது. நம் பொறியில் அவை இல்லை. பொறியோ நன்றாகவே ஓடுகிறது. விசிறி கூடச் சத்தமிடுவதில்லை. கடைக்காரரிடம் கேட்டால், "பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்" என்கிறார். ஓடுகிற வண்டியைக் கால அட்டவணையில் இடமில்லை என்று உடைக்கச் சொல்லுவது போன்றது இது.

இரண்டாவது இடர் இதனினும் பெரிது. நம் நூலகத்துத் தமிழ் நூல்களின் பட்டியலும், தொடக்கநாள் முதல் சேர்ந்த உறுப்பினர்களின் பெயர்ப் பதிவேடும், பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிறுவனத்தார் எழுதிக் கொடுத்த மென்பொருளுக்குள் அடைபட்டுக் கிடந்தன. அந்நிறுவனம் இப்பொழுது இல்லை. அதன் பெயரும் இங்கே வேண்டா. வாங்கிய நாளில் மென்பொருளின் மூல நிரலைத் தரும்படி நம் செயலாளர் கேட்டும் அவர்கள் தரவில்லை. பெட்டி நம்முடையது, சாவி அவர்களுடையது என்றாயிற்று. எழுத்துகளையும் தமக்கென அமைத்துக்கொண்ட முறையிலே பதிந்து வைத்திருந்தமையால், வேறெந்தப் பொறியில் திறந்தாலும் நம் உறுப்பினர் பெயர்கள் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கலந்த குப்பையாகவே தோன்றின. அப்பட்டியலில் உள்ளோரில் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் இவ்வூரில் தமிழராய் வாழ்ந்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று நம் கையில் இல்லை.

இங்கே மூல நிரல் என்பது யாது என்று கேட்பீர்கள். கணிப்பொறிக்கு விளங்குவது ஒன்றும் சுழியுமாகிய எண்கள் மட்டுமே. மனிதன் அவ்வாறு எழுத மாட்டான். அவன் தனக்கு விளங்கும் ஒரு மொழியில், இதைச் செய், இன்னது நேர்ந்தால் அதைச் செய் என்று வரிவரியாக எழுதுகிறான். அதுவே மூல நிரல். அதைப் பொறிக்கு விளங்கும் எண்களாக மாற்றித் தருவது தொகுப்பி. கம்பைலர் என்று வழங்குவர். மாற்றியபின் கிடைப்பதைப் பொறி படிக்கும், மனிதன் படிக்க இயலாது.

எங்கள் அலுவலகத்து உவமை ஒன்று சொல்லுகிறேன். சரக்கு வாகனுக்குச் சீல் வைத்து அனுப்புகிறோம். வந்து சேர்ந்ததும் சீல் உடையாமல் இருக்கிறதா, அதன் எண் சீட்டில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுகிறோம். உள்ளே இருப்பது அரிசியா உமியா என்பதைச் சீல் சொல்லாது. வழியில் யாரும் திறக்கவில்லை என்பதை மட்டுமே சொல்லும். கடையில் வாங்கும் மென்பொருள் சீல் வைத்த வாகன். மூல நிரலோடு வரும் மென்பொருள், கண்முன்னே அளந்து ஏற்றிய சரக்கு.

மூல நிரலை எல்லார்க்கும் திறந்து வைக்க வேண்டும் என்ற இயக்கத்தை அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் க்னூ என்ற பெயரால் அறிவித்தார். அவ்வியக்கத்தின் தொகுப்பி 1987இல் வெளிவந்தது. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் இயங்குதளத்தின் கருவாகிய லினக்சை எழுதத் தொடங்கினார். இன்று அக்கரு மட்டுமே 3 கோடி வரிகளுக்கு மேற்பட்டது. ஒருவர் ஆயுள் முழுதும் படித்தாலும் முடியாது. ஆயினும் வேண்டிய இடத்தைத் திறந்து பார்க்கத் தடையில்லை.

பெரும்பாலோர் லினக்சையும் சமைத்த உணவாகவே பெறுகின்றனர். சிலர் மட்டும் அரிசி பருப்பு வாங்கி வீட்டில் உலை வைக்கின்றனர். முழுவதையும் கையாலேயே கட்டுவதற்கு வழி காட்டும் நூல் ஒன்றை ஜெரார்டு பீக்மன்ஸ் என்பவர் 1999இல் தொடங்கி வைத்தார். அதைப் பின்பற்றுவோர் ஒவ்வொரு கட்டளையையும் தாமே இடுவர். மற்றொரு வழி, டேனியல் ராபின்ஸ் என்பவர் அமைத்த ஜெண்டூ. அதன் முதற்பதிப்பு 2002ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் வெளியாயிற்று. மூல நிரலைத் தருவிப்பதும், எது எதற்கு முன் வேண்டும் என்று வரிசைப்படுத்துவதும், தொகுப்பதும் அதன் போர்ட்டேஜ் என்னும் ஏவலாளின் வேலை. எந்த உறுப்பு வேண்டும், எது வேண்டா என்று சொல்லுவது மட்டும் நம் வேலை. நான் எடுத்துக்கொண்டது இதையே.

பெயரைக் கேட்டதும் உங்களில் சிலர்க்கு வியப்பு உண்டாகலாம். ஜெண்டூ என்பது விரைந்து நீந்தும் ஒரு பென்குயின் பறவையின் பெயர். அதனின்றே இவ்வியங்குதளம் பெயர் பெற்றது. ஆனால் கும்பினியார் காலத்துச் சென்னையில் வெள்ளைக்காரர் தெலுங்கு மொழியையும் தெலுங்கரையும் ஜெண்டூ என்றே அழைத்தனர்! 1816இல் காம்பெல் துரை வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலின் தலைப்பிலேயே, வழக்கில் ஜெண்டூ எனப்படுவது என்ற தொடர் உண்டு. அந்நூலுக்குச் சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை எழுதிச் சேர்த்த குறிப்பில்தான், தெலுங்கு வடமொழியினின்று பிறந்ததன்று, அது தமிழோடும் கன்னடத்தோடும் ஒரு குடும்பத்தது என்பது சான்று காட்டி நிறுவப்பட்டது. கால்டுவெல் ஐயர் 1856இல் எழுதுவதற்கு நாற்பது ஆண்டு முந்தியது இது. நாம் குடியிருக்கும் ஊரின் பெயரையே பாருங்கள். வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். பழந்தமிழ்ப் புலவர் மூங்கிலை வெதிர் என்றனர். ஒரே புதரின் இரு தண்டு! தமிழ்ச் சங்கத்துப் பொறிக்குத் தெலுங்கின் பழம்பெயரைக் கொண்ட இயங்குதளம் வாய்த்தது எனக்கு மகிழ்ச்சியே அளித்தது.

1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாகிப் பிரிந்தது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் இரு மொழியும் பேசும் வீடுகள் இரு மொழியும் பேசிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே கணிப்பொறிக்கும் இரண்டும் வேண்டும் என்று கருதினேன்.

இங்கேதான் மூல நிரலிலிருந்து கட்டுவதன் சுவை இருக்கிறது. ஜெண்டூவில் ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. அதிலே, எந்தெந்த மொழிகளுக்கான பகுதிகள் வேண்டும் என்று நாமே எழுத வேண்டும். எழுதாவிடில் வாரா. தமிழுக்கு டி, ஏ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் குறியீடு. தெலுங்குக்கு டி, ஈ. அவ்விரண்டையும் எழுதினேன். மற்றொரு கோப்பில், திங்கட்பெயர், கிழமைப்பெயர், பணக் குறியீடு ஆகியவை எந்நாட்டு வழக்கப்படி அமைய வேண்டும் என்று குறிக்க வேண்டும். அங்கே தமிழுக்கே இந்தியத் தமிழ் ஒன்றும் இலங்கைத் தமிழ் ஒன்றுமாக இரு வரிகள் காத்திருந்தன. உலகெங்கும் செல்லும் ஒரு கோப்பில் நம் மொழிக்கு இரு வரிகள்! யாரோ சிலர் கூலி கருதாமல் அமர்ந்து எழுதிச் சேர்த்தவை அவை. ஆயத்தமாக வரும் இயங்குதளத்தில் இவற்றையெல்லாம் நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

வேலை எளிதாயிருந்தது என்று சொல்லவில்லை. நம் பொறியின் நினைவகம் 4 ஜிகாபைட்டு. தொகுக்கும் வேலை ஒவ்வொன்றிற்கும் 2 ஜிகாபைட்டு வேண்டும் என்பது கணக்கு. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் விட இயலாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு வண்டி கடந்தபின்னரே அடுத்ததற்குக் கைகாட்டி இறங்குவது போலத்தான். தொகுப்பியைத் தொகுப்பதற்கே ஓர் இரவு முழுதும் சென்றது. தொகுப்பியைத் தொகுப்பது எது என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, அதற்குப் பின்னர் வருகிறேன். இடையே மின்சாரம் நின்றால், நின்ற இடத்திலிருந்த பொதியை மட்டும் மறுபடி தொடக்கத்திலிருந்து கட்டும், முடிந்தவை முடிந்தவையே. இணைய உலாவி, அலுவலகத் தொகுப்பு ஆகிய பெரும்பொதிகள் இரண்டையும் ஆயத்தமாகக் கட்டியவையாகவே எடுத்துக்கொண்டேன். அவற்றை இச்சிறு பொறியில் தொகுக்க முயல்வது குதிரைவண்டியில் நிலக்கரி ஏற்றுவதாகும். ஜெண்டூக்காரர்களே 2023 டிசம்பர் முதல் பல பொதிகளைக் கட்டிய நிலையிலும் வழங்கி வருகின்றனர்.

இவ்வாறு கட்டினால் பொறி பறக்கும் என்று சிலர் சொல்லுவர். நான் நம்பவில்லை. நம் செயலிக்கென்றே தொகுப்பதால் சிறிது விரைவு உண்டு. தொகுக்கச் செலவான இரவுகளை அது ஈடு செய்யாது. வேண்டாதவற்றைச் சேர்க்காமல் விட்டமையே நமக்கு உதவியது. அச்சுப்பொறிக்கும் ஒளிவருடிக்கும் இடம் கொடுத்தேன். ஊடலை, கேமரா, விளையாட்டுக் கருவி முதலானவற்றை விலக்கினேன். பழைய பொறி மூச்சு வாங்காமல் நடக்கிறது.

இனிப் பதிவேட்டின் கதை. பழைய மென்பொருள் தமிழைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் பதிந்திருந்தது. 'கொ' என்று எழுத முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். இன்றைய பொதுமுறையாகிய யூனிக்கோடு அவ்வாறு செய்வதில்லை. தமிழுக்கு அது ஒதுக்கியுள்ள 128 இடங்களில் மெய்யுக்கு ஓர் எண், உயிர்க்குறிக்கு ஓர் எண். ஒலிக்கும் வரிசைப்படி மெய் முன்னும் உயிர் பின்னும் நிற்கும். தொல்காப்பியர் கேட்டாலும் சரியென்பார் என்று நினைக்கிறேன். கொம்பை முன்னே கொண்டுவந்து திரையில் எழுதிக் காட்டுவது ஹார்ஃப்பஸ் என்னும் மற்றொரு திறந்த மென்பொருளின் வேலை. தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிக்கோட்டை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்கு முன்போ, ஊருக்கொரு தண்டவாள அகலம் இருந்தாற்போல், நிறுவனத்திற்கொரு எழுத்துமுறை இருந்தது.

பழைய எழுத்துகளைப் புதுமுறைக்கு மாற்றும் கருவிகளைத் தமிழன்பர்கள் பலர் மூல நிரலோடு வெளியிட்டுள்ளனர். நம் பதிவேட்டின் எழுத்துமுறை அவற்றுள் எதனோடும் முழுதும் ஒத்துவரவில்லை. மூல நிரல் கையில் இருந்தமையால் நம் சங்கத்து மாணவர் ஒருவர் அதிலுள்ள அட்டவணையைப் பிரதி செய்து, அச்சிட்ட பழைய பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் திருத்தினார். மூடிய மென்பொருளாயின் அம்மட்டில் நின்றிருப்போம்.

அப்படியும் இரண்டு இடங்களில் தடுக்கியது. ஒன்று ஔகாரம். பழைய முறையில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே எழுத்து. ஆகவே கௌசல்யா அம்மையார் 'கெ'கரமும் 'ள'கரமுமாகப் பிரிந்து நின்றார். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் அகப்படார். இதற்குப் பொறி தீர்ப்புச் சொல்ல இயலாது. ஒவ்வொரு பெயராக மனிதனே பார்க்க வேண்டும். மற்றொன்று ஸ்ரீ. திருமலைக்கு அருகே வாழும் நம் சங்கத்தில் ஸ்ரீனிவாசன்களுக்குக் குறைவு ஏது? யூனிக்கோட்டில் ஸகரத்தால் ஸ்ரீயை எழுதுவது ஒரு வழக்கு. 2005இல் புதிதாகச் சேர்ந்த ஶகரத்தால் எழுதுவது மற்றொரு வழக்கு. திரையில் இரண்டும் ஒன்றே. பதிவேட்டில் ஒரு ஸ்ரீனிவாசன் இருந்து, மற்றவர் காணாமற்போனார். எல்லாரையும் ஒரே வழக்கிற்குக் கொண்டுவந்தபின் கணக்கு நேராயிற்று. இன்று அப்பதிவேடு எந்தப் பொறியிலும் திறக்கும் எளிய உரைக் கோப்பாக இருக்கிறது.

இனி, தொகுப்பியைத் தொகுப்பது எது என்ற கேள்வி. அதற்கு முந்தைய தொகுப்பிதான். அதற்கு அதனினும் முந்தியது. கோழியும் முட்டையும் போன்ற இவ்வழக்கில் ஒரு பெரும் ஐயம் ஒளிந்திருக்கிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியோருள் ஒருவராகிய கென் தாம்சன், டியூரிங் பரிசு பெற்றபோது ஆற்றி 1984இல் அச்சான உரையில் இதை எடுத்துக் காட்டினார். தொகுப்பிக்குள் ஒரு கள்ளத்தனத்தை வைத்துவிட்டால், அது பொறிக்குள் நுழையும் வாயிலில் கள்ளச் சாவியைச் செருகும். தன்னையே மறுபடி தொகுக்கும்போது அக்கள்ளத்தனத்தையும் புதியதற்குள் செருகிவிடும். மூல நிரலில் அதன் சுவடே இராது என்றார். இவ்வையத்தைப் போக்க, கைக்கணக்காகச் சரிபார்க்கத்தக்க 357 பைட்டு விதையொன்றிலிருந்து முழு அமைப்பையும் படிப்படியாக எழுப்பிக் காட்டினர் கீக்ஸ் என்னும் திட்டத்தினர். அது 2023இல். நம் பேரேட்டின் ஒரு பக்கத்தில் அவ்விதையை எழுதிவிடலாம்.

கற்பனை ஐயமன்று என்பதை 2024 மார்ச்சு 29ஆம் நாள் உலகம் கண்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் சிறு மென்பொருளில், புனைபெயர் கொண்ட ஒருவர் ஈராண்டுக்கு மேலாகத் தொண்டர் போல உழைத்து நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ள வாயில் ஒன்றை வைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்டு என்னும் பொறியாளர், தம் பொறிக்குள் தொலைவிலிருந்து நுழைய ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஐயுற்று, தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அரை வினாடி! எங்கள் துறையில் அரை மணியையே நாங்கள் தாமதமாக எண்ணுவதில்லை.

பார்சல் குமாஸ்தாவாகிய எனக்கு அதில் மனத்தில் நின்றது வேறொன்று. கள்ளச் சரக்கின் பெரும்பகுதி சோதனைக் கோப்பு என்ற பெயரில் மூலத்தினுள்ளேயே கிடந்தது. அதை எழுப்பிவிடும் வரிகள் மட்டும், எல்லாரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. கட்டி வெளியிட்ட பொதியில் இருந்தன. சீட்டில் எழுதியது ஒன்று, வாகனில் ஏற்றியது மற்றொன்று! மேலும், டெபியன், ரெட்ஹேட் முறைகளில் பொதி கட்டப்படுகிறதா என்று பார்த்தே அது விழித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தனர். என் போன்று வீட்டில் தொகுப்போர் தப்பியது எங்கள் திறமையாலன்று. எங்களை அவர்கள் பொருட்படுத்தவில்லை. மூலத்திலிருந்து கட்டுகிறேன் என்பதனாலேயே ஒருவன் காவல் பெற்றவன் ஆகான். ஆயினும் பார்க்கக் கூடிய பொருளாக இருந்தமையால் ஒருவர் பார்த்தார். சில நாளில் உலகெங்கும் அப்பதிப்பு விலக்கப்பட்டது. மூடிய பெட்டியில் இது நடந்திருந்தால் அந்த அரை வினாடியைப் பற்றி அவர் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்?

தமிழகத்தில் இத்துறையில் உழைப்போர் குறைவல்லர். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் கூடி வருகிறது. சிடாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை 2007இல் பாஸ் என்னும் இந்திய இயங்குதளத்தை டெபியனை அடிப்படையாகக் கொண்டு வெளியிட்டது. கணியம் என்ற இதழ் 2012 முதல் இப்பொருள்களைத் தமிழிலேயே எழுதி இலவசமாக வழங்குகிறது. ஆங்கிலத்தில் அச்சமுடைய என் போன்றோர்க்கு அதுவே பள்ளிக்கூடம்.

இவ்வளவும் சொன்னமையால், எல்லாரும் வீட்டுப் பொறியை அவிழ்த்துக் கட்டுங்கள் என்று நான் சொல்லுவதாகக் கொள்ள வேண்டா. மின்கட்டணமும் உறக்கமும் விலையுடையவை. வீட்டுக்கு டெபியனோ பாஸோ போதும். ஒரு மணி நேரத்தில் அமைந்துவிடும். நூலக அறையிலுள்ள ஒரு பொறி மட்டும் மூலத்திலிருந்து கட்டியதாகவே இருக்கட்டும் என்பது செயற்குழுவின் முடிவு. காரணம் உண்டு. நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்தைக் கண்டால் பலர் தயங்குகிறார்கள். பதிவேட்டைத் திருத்திய மாணவரும் அவ்வாறு தயங்கியவரே. ஔகாரத்தையும் ளகரத்தையும் பிரித்தறியப் பொறியோடு போராடிய மூன்று மாதத்தில், தம் பாட்டனார் பெயரைப் பட்டியலில் தாமே படித்துக் கண்டுபிடித்தார். சேர்ந்த ஆண்டும், செலுத்திய சந்தாவும் அப்படியே இருந்தன.

நூற்பட்டியல் முடிந்துவிட்டது. உறுப்பினர் பதிவேட்டில் இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் சரிபார்க்கப்படாமல் இருக்கின்றன. அச்சிட்ட படி வாயிலருகே மேசைமேல் உள்ளது. உங்கள் தந்தையார், பாட்டனார் பெயர்களைப் பார்த்து, எழுத்துப் பிழை இருந்தால் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். பென்சிலால் எழுதற்க, மையால் எழுதுக.